குறைப் புஸ்தகம்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், பின்கால் ஒண்ணு ஆடும். ஆணி அடிச்சு வச்சிருக்கேன், விழாது, இருந்தாலும் சொல்லிடணும்ல. இதுல உக்காருங்க. ஃபேன் சத்தம் போடும், ஆனா காத்து வரும்.

ஜெசிந்தா வர நாலரை ஆயிரும். ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேல. ஞாயித்துக்கிழமையும் நாலு மணி வரைக்கும் இருக்கணும். உங்கள நாங்க அஞ்சு மணிக்கு எதிர்பாத்தோம். தப்பில்ல சார். பொண்ணு வீட்ட விசாரிக்க வர்ற மாப்பிள்ளையோட தாய்மாமன் சொன்ன நேரத்துக்கு வந்தா அலங்காரம்தான் தெரியும். முன்னாடியே வந்து நிக்கணும். நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவரு, வகுப்புக்குள்ளயும் இப்படித்தான் நுழைஞ்சிருப்பீங்க.

ஒரே ஒரு சங்கடம். எம்பொண்ணு எங்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்கா. "அப்பா, நான் வர்றதுக்குள்ள அவங்க வந்துட்டா தண்ணி குடுங்க, ஃபேனப் போடுங்க. என்னப் பத்தி ஒரு வார்த்த பேசாதீங்க." மூணு தடவ சொன்னா. சரிம்மான்னேன். வாக்குக் குடுத்தாச்சு. அவளப் பத்தித்தானே பேசக்கூடாது, கப்பலப் பத்திப் பேசலாமே. நீங்களும் வந்ததுலேர்ந்து அந்தப் படத்தத்தான் பாக்குறீங்க.

அது சந்திரபாகா. ரோந்துக் கப்பல். பெரிய கப்பல் இல்ல, நூத்திருபது பேரு இருக்கலாம். நேவியில நான் இருபத்தஞ்சு வருஷம், அதுல பதினொரு வருஷம் இதோட எஞ்சின் ரூம்ல. வீட்டுல இன்னாசி, கப்பல்ல இக்னேஷியஸ். எந்தத் துறைமுகம்னு மட்டும் கேக்காதீங்க. பென்ஷன் இன்னும் அங்கேர்ந்துதான் வருது.

கப்பலுக்கு வயசாயிட்டா உடனே உடைக்க மாட்டாங்க சார். ஒரு சாயங்காலம் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, பியூகிள் ஊதி, கொடிய எறக்குவாங்க. அதோட அது போர்க்கப்பல் இல்ல. பீரங்கியக் கழட்டிருவாங்க, ஆளுங்கள எறக்கிருவாங்க. ஆனா கப்பல வச்சிருப்பாங்க. நாளைக்கு சண்ட கிண்ட வந்தா தட்டி எழுப்பிக்கலாம்னு, துறைமுகத்துக்குப் பின்னால ஒரு ஓரத்துல வரிசையாக் கட்டிப் போட்டிருப்பாங்க. ரிசர்வுன்னு பேரு. எங்க வரிசையில ஆறு கப்பல் கெடந்துச்சு. ஓய்வு வாங்குன எங்கள மாதிரி ஆளுங்கள, கப்பலுக்கு ஒருத்தன்னு காவலுக்குப் போட்டாங்க. காவல்னா கம்பு வச்சிக்கிட்டு உக்கார்றது இல்ல. கப்பல் சாகாமப் பாத்துக்கணும். நான் சந்திரபாகாவக் கேட்டு வாங்கினேன். ஆறு வருஷம்.

காலையில எட்டு மணிக்கு ஏறுனா மொத வேல, அடித்தளத்துல ஊறியிருக்கிற தண்ணிய எறைக்கிறது. அப்புறம் கையில ஒரு சின்ன சுத்தியல வச்சிக்கிட்டு தகடு தகடாத் தட்டிக்கிட்டே போவேன். நல்ல தகடு கணீர்னு கேக்கும். துருப்பிடிச்ச தகடு தொப்புனு கேக்கும். திங்கக்கிழமை ஆனா தண்டச் சுத்தணும். எஞ்சின்லேர்ந்து பின்னால தண்ணியத் தள்ளுற விசிறிக்குப் போகும் பாருங்க, அந்த இரும்புத் தண்டு. சும்மா கெடந்தா இறுகிப்போகும். அதனால வாரத்துக்கு ஒரு தடவ நெம்புகோலப் போட்டுக் கால் சுத்து சுத்தி, சாக்பீஸால ஒரு கோடு போட்டு வைப்பேன். நாலு திங்கக்கிழமைக்கு ஒரு சுத்து. ஆறு வருஷத்துல எழுபத்தெட்டு சுத்து சார், எங்கயும் போகாத கப்பலுக்கு.

தட்டுனா சத்தம் தெரியணும், அதுக்குக் காது நல்லாருக்கணும். எனக்கு அந்த விஷயத்துல ஆண்டவர் குறை வைக்கல. ஜெசிந்தாவுக்குத்தான் இடது காது கொஞ்சம் மந்தம்.

அட. பேசக்கூடாதுன்னு சொன்னாள்ல. இத ஏன் சொல்றேன்னா, அவ வந்தா நீங்க வலது பக்கமா உக்காந்து பேசுங்க. இல்லன்னா ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுவா, நீங்க திமிருன்னு நெனச்சிருவீங்க. அவ்வளவுதான். தண்ணி குடிங்க சார்.

இப்ப அந்தப் புஸ்தகத்துக்கு வர்றேன். ஒவ்வொரு கப்பல்லயும் ஒரு டிஃபெக்ட் புக் உண்டு. ஜெசிந்தா அதுக்குக் குறைப் புஸ்தகம்னு பேரு வச்சா. கப்பல்ல எங்க என்ன கோளாறு கண்டாலும் நம்பர் போட்டு, தேதி போட்டு எழுதணும். எழுதுனத அடிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. துறைமுகப் பட்டறையிலேர்ந்து அதிகாரி வந்து பாத்து, சரி பண்ணச் சொல்லி, அந்த வரிக்கு எதிர்ல செவப்பு மையில 'சரி பண்ணியாச்சு'ன்னு கையெழுத்துப் போடணும். அப்பத்தான் அந்தக் குறை மூடும். கையெழுத்து விழாத வரைக்கும் அது தெறந்த குறை. இதுதான் சட்டம்.

குறைய எழுதுனாத்தான் சார் கவனிப்பாங்க. சுகமா இருக்கேன்னு சொல்ற நோயாளிய எந்த டாக்டர் பாப்பான்? நான் எழுதுனேன். ஒண்ணு விடல. பதினேழாம் நம்பர், சமையல் அறைக்குக் கீழ தண்ணி கசியுது. நாப்பத்திரெண்டு, முன்பக்கக் கதவு ரப்பர் போயிருச்சு. அம்பத்தொம்பது, இடது பக்கத் தகடு ரெண்டு கை அகலத்துக்கு சத்தம் சரியில்ல. எழுதி, படி எடுத்து, பட்டறைக்கு அனுப்புவேன். யாரு வருவா? ஓடுற கப்பலுக்கே அங்க ஆளு கெடையாது. தூங்குற கப்பலுக்கு வருவானா?

வரலைன்னா விட்டுட முடியுமா? நானே செஞ்சேன். கசிவு இருக்கிற எடத்துல மரப்பெட்டி அடிச்சு, அதுக்குள்ள சிமெண்டக் குழைச்சுக் கொட்டி இறுக்கிருவோம், அது கப்பல்காரன் வைத்தியம். லாரி டியூப வாங்கி வெட்டி எல்லாக் கதவுக்கும் ரப்பர் போட்டேன். துருவச் சுரண்டி மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சேன். என் கையால சரி பண்ணேன் சார், ஒவ்வொண்ணா. ஆனா எதிர்ல எழுதல. எப்படி எழுதுவேன்? அதிகாரியோட கையெழுத்துல்ல வேணும்.

பக்கத்துல கட்டியிருந்த கப்பல் இந்திராவதி. ரெண்டும் ஒரே பட்டறையில ஒரே வருஷம் கட்டுனது, அக்கா தங்கச்சின்னு வைங்க. நடுவுல ஒரு பலகதான். அதுல காவலு மொகந்தின்னு ஒடியாக்காரன். நல்ல மனுஷன், இஞ்சி தட்டிப் போட்டு டீ வைப்பான். வேல செய்ய மாட்டான். காலையில வந்தா தூண்டில எறக்கிட்டுப் படுத்துக்குவான். அவன் புஸ்தகம் நாலு வரி போக வெள்ளையா இருக்கும். நான் சத்தம் போட்டேன்னா ஹிந்தியில சொல்லுவான். "இக்னேஷியஸ் பாய், எழுதுனா கேள்வி வரும். எழுதலன்னா மீன் வரும்." சிரிச்சுக்கிட்டே சொல்லுவான், கோவிக்க முடியாது.

ஒரு நாள் அவன் கப்பல்ல நான் சும்மா சுத்தியலால தட்டிப் பாத்தேன். அடித்தளத்துல நாலு எடத்துல தொப்பு தொப்புனு கேட்டுச்சு. ஒரு எடத்துல சுத்தியலே உள்ள போயிருமோன்னு பயந்து கைய எடுத்துட்டேன். எழுதுடா மொகந்தின்னேன். மீனுக்கு மசால் தடவிக்கிட்டிருந்தான்.

ஆறாவது வருஷம் ஒரு சேதி வந்துச்சு. ரிசர்வக் கலைக்கப் போறாங்க. ஆறுல நாலு கப்பல் உடைக்க. மிச்சம் இருக்கிற அக்கா தங்கச்சி ரெண்டுல ஒண்ண ஒரு கடற்கரை ஊருக்காரங்க கேட்டிருக்காங்க, கரையில ஏத்தி நிறுத்தி பிள்ளைங்களுக்குக் காட்ட. எதக் குடுக்கலாம்னு மூணு அதிகாரிங்க வந்து பாப்பாங்க. ஒண்ணு பொழைக்கும், ஒண்ணு சாகும். எனக்கு ஒரு கவலையும் இல்ல சார், நான் சந்தோஷப்பட்டேன். ரெண்டையும் பாத்தாக் குருடனுக்குக் கூடத் தெரியுமே.

மூணு வாரம் தேச்சேன். பித்தளையெல்லாம் முகம் தெரியுற மாதிரி. அப்ப ஜெசிந்தா எங்கூட குவார்ட்டர்ஸ்ல இருந்தா. அவ அம்மா செலின் போயி ரொம்ப வருஷம் ஆச்சு, ஜெசிந்தாவுக்குப் பதினாலு வயசுல. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, பாஸ் வாங்கி, எனக்குச் சாப்பாடு எடுத்துட்டு கப்பலுக்கு வந்தா. நான் தேச்சிக்கிட்டிருந்தேன். அவ உக்காந்து அந்தப் புஸ்தகத்த மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வாசிச்சா. வாசிச்சுட்டுக் கையில புஸ்தகத்த எடுத்துக்கிட்டு ஒவ்வொரு எடமாப் போயிப் பாத்தா. ரெண்டு மணி நேரம். சட்டையெல்லாம் கிரீஸு.

வந்து சொன்னா. "அப்பா, இருநூத்திப் பதினாலு குறை எழுதியிருக்கீங்க. முப்பத்தொண்ணுக்குத்தான் கையெழுத்து இருக்கு. மிச்சத்துல நூத்தி எழுபது நீங்களே சரி பண்ணிட்டீங்க, நான் பாத்துட்டு வர்றேன். அத ஏன் எழுதல?"

"எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"குறைய எழுத அதிகாரம் இருக்கு, சரியானத எழுத அதிகாரம் இல்லையா?"

"சட்டம் அப்படி."

"இந்தப் புஸ்தகத்தப் படிச்சா நானே இந்தக் கப்பல்ல ஏற மாட்டேம்ப்பா. அவங்க வர்ற அன்னைக்கு இத வீட்டுல வச்சிட்டுப் போங்க. புதுசா ஒரு நோட்டு போடுங்க. இன்னைக்குக் கப்பல் எப்படி இருக்கோ அத மட்டும் எழுதுங்க."

எனக்கு வந்துச்சே கோவம். மறைக்கச் சொல்றியான்னு கேட்டேன். "மறைக்கச் சொல்லல, முழுசாச் சொல்லச் சொல்றேன்"னா. தவளை தன் வாயால கெடும்னு ஏதோ முணுமுணுத்தா. நான் கத்திட்டேன். அதுக்கப்புறம் அஞ்சு நாள் எங்கிட்டப் பேசல. கோவம் வந்தா அவ அப்படித்தான் சார். சோறு போடுவா, துணி மடிச்சு வைப்பா, வாயத் திறக்க மாட்டா. இதையும் நீங்க தெரிஞ்சு வச்சிக்கிறது நல்லது. உங்க மருமகன் பயந்திரக்கூடாதுல்ல.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு ஊர்ல சொல்றாங்க. நான் ஒரு பொய் சொன்னதில்ல.

அதிகாரிங்க வந்தாங்க. பதினொரு மணிக்கு வர்றதாச் சொல்லிப் பதினொரு மணிக்கே வந்தாங்க. பெரியவரு கமாண்டர், கண்ணாடி போட்டவரு, வெள்ளை சட்ட, வெள்ளை ஷூ. நான் சல்யூட் அடிச்சு, "கீழ எஞ்சின் ரூமுக்குப் போலாமா சார்"னேன். ஷூவப் பாத்தாரு. "அப்புறம் போலாம். மொதல்ல டிஃபெக்ட் புக்கக் குடு"ன்னாரு.

குடுத்தேன். ரெண்டு கையாலயும் குடுத்தேன் சார். பெருமையாத்தான் குடுத்தேன்.

அவரு ஒவ்வொரு பக்கமாத் திருப்புனாரு. நான் நின்னேன். வெளிய மொகந்தி இஞ்சி தட்டுற சத்தம் கேட்டுச்சு.

"மொத்தம் எத்தன?"

"இருநூத்திப் பதினாலு சார்."

"மூடுனது?"

"முப்பத்தொண்ணு சார்."

"மிச்சம்?"

"நானே சரி பண்ணிட்டேன் சார். கீழ வந்தீங்கன்னா ஒவ்வொண்ணாக் காட்டுறேன்."

"கையெழுத்து?"

"இல்ல சார்."

அவரு என்னத் திட்டல. மரியாதையாத்தான் பேசுனாரு. "இக்னேஷியஸ், இவ்வளவு ஒழுங்கா எழுதுன புஸ்தகத்த நான் பாத்ததே இல்ல. எங்க வேலைய நீயே செஞ்சு வச்சிட்ட." மூடிக் குடுத்துட்டாரு. பலகையத் தாண்டி இந்திராவதிக்குப் போனாங்க. அங்க புஸ்தகத்துல நாலு வரி. நாலுக்கும் கையெழுத்து. டீ குடிச்சாங்க. நாப்பது நிமிஷத்துல ரெண்டு கப்பலும் முடிஞ்சிருச்சு. கடைசி வரைக்கும் அந்த வெள்ளை ஷூவுல ஒரு பொட்டு கிரீஸு படல.

பத்து நாள்ல உத்தரவு. இந்திராவதி கடற்கரைக்கு. சந்திரபாகா உடைக்க. காரணம்னு ஒரு வரி போட்டிருந்தாங்க. காவலாளியோட பதிவேட்டின்படி நூத்தி எண்பத்து மூணு குறைங்க நிலுவையில இருக்கு. காவலாளின்னா நான்தான் சார். என் எழுத்து. என் நம்பரு.

ஜெசிந்தாகிட்டக் காட்டுனேன். நான் சொன்னேன்லன்னு கேப்பான்னு நெனச்சேன். கேக்கல. படிச்சுட்டு எந்தலையில கைய வச்சா. அன்னைக்கு நான் அழுதேன் சார். செலின் செத்தப்ப நான் கடல்ல இருந்தேன், வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க, அப்பக்கூட இப்படி அழல. இப்ப நெனச்சா ரெண்டுக்கும் சேத்து அழுதேனோ என்னவோ.

உடைக்க அனுப்புறதுக்கு முன்னாடி பேர அழிக்கணும். அது வழக்கம். பேரோட போனா நேவிக்கு அவமானமாம். வேற யாரயாவது விடுவாங்கன்னு பாத்தேன். பெயிண்ட் டப்பாவ எங்கிட்டதான் குடுத்தாங்க. கயித்து ஊஞ்சல்ல தொங்கிக்கிட்டு, பின்பக்கம் இருந்த பேரு மேல சாம்பல் கலர அடிச்சேன். ஆனா அந்த எழுத்தெல்லாம் வெல்டிங்ல புடைச்சிக்கிட்டு இருக்கும் சார். பெயிண்டு மூடும், புடைப்பு போகாது. தடவிப் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டே வாசிக்கலாம்.

அப்புறம் தண்டு. இழுத்துட்டுப் போகும்போது விசிறி தானாச் சுத்தக்கூடாது, அதனால தண்ட அசையாம இரும்புப் பட்டை போட்டு இறுக்கணும். திங்கக்கிழமைதான் அது. இழுவைக் கப்பல்காரன் எங்கூட எறங்கி வந்தான். அவன் ஒரு தடவ நெம்புகோலத் தள்ளிப் பாத்தான். ஒத்தக் கையில சுத்திருச்சு. என்னத் திரும்பிப் பாத்தான். "இத எதுக்கு உடைக்கிறாங்க? மூணு மாசம் வேல பாத்தா ஓடுமே"ன்னான். ஸ்பானர எடுத்து நானே இறுக்கினேன்.

மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு இழுத்துட்டுப் போனாங்க. பியூகிள் கிடையாது, ஆளு கிடையாது. நானும் மொகந்தியும்தான். கொடியில்லாத கப்பலுக்கு சல்யூட் கிடையாது, எனக்குத் தெரியும், கை அதுபாட்டுக்கு மேல போயிருச்சு. மொகந்தி அழுதுக்கிட்டு நின்னான். அவன் ஏன் அழுதான்னு எனக்கு அன்னைக்குப் புரியல. திட்டிட்டேன்.

மனசு கேக்கல சார். ஒன்றரை மாசம் கழிச்சு ரயில் ஏறி குஜராத்துக்குப் போனேன், அந்த உடைக்கிற கடற்கரைக்கு. பெரிய அலை வர்ற நாள்ல கப்பல மண்ணு மேல ஏத்தி விட்டுட்டு, நெருப்ப வச்சு வெட்டுறாங்க. நான் போனப்ப முன்பாதி இல்ல. எஞ்சின் ரூம் வெயிலப் பாத்து திறந்து கெடந்துச்சு. நான் பதினொரு வருஷம் நின்ன எடம். மேஸ்திரி ஒருத்தரப் புடிச்சு, இந்தக் கப்பல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.

"இதுவா? தகடெல்லாம் புதுசு மாதிரி. வெட்டி மாளல. யாரோ ஒரு பைத்தியக்காரன் அடியில எல்லாம் சிமெண்டுப் பெட்டி வச்சிருக்கான். சம்மட்டியால அடிச்சாலும் பேரல. பேத்துப் பாத்தா கீழ ஒரு சொட்டு ஈரம் இல்ல"ன்னாரு.

பதினேழாம் நம்பர் சார் அது. சமையல் அறைக்குக் கீழ.

இந்திராவதி என்னாச்சுன்னு கேக்குறீங்களா? கரையில நிறுத்தி ரெண்டு மழைதான். அடி ஓட்டை விழுந்து, இப்பச் சுத்திக் கயிறு கட்டி, யாரும் உள்ள போகாதீங்கன்னு போர்டு வச்சிருக்காங்களாம். எனக்கு அதுல சந்தோஷம் இல்ல. அதுவும் பாவம். அதுக்கும் ஒருத்தன் உண்மைய எழுதல.

புஸ்தகம் எங்கிட்டதான் இருக்கு. ஆபீஸ்ல பழைய பேப்பர்ல போடப் போனாங்க, நான் கேட்டு வாங்கிட்டேன். இந்தாங்க, பாருங்க. எழுத்த மட்டும் பாருங்க. இப்பச் சொல்லுங்க சார், இதுல எங்கயாவது ஒரு பொய் இருக்கா? ஒண்ணு காட்டுங்க. ஆனா கமாண்டர் கப்பல விட்டுட்டு இதப் பாத்துட்டுப் போயிட்டாரு. அதுதான் எனக்கு ஆறல. கீழ எறங்கி வந்து ஒரு தட்டு தட்டிப் பாத்திருந்தா? ஒரு கேள்வி கேட்டிருந்தா?

ஊருக்கு வந்து சேந்தோம். இங்க வந்தா இங்கயும் அப்படித்தான். போன வருஷம் ஒரு வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல குடும்பம், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அதுக்கு முன்னாடி மணப்பாட்டுலேர்ந்து ஒண்ணு, வீரபாண்டியன்பட்டணத்துலேர்ந்து ஒண்ணு. எல்லாருமே உள்ளதச் சொன்னா எந்திரிச்சு நின்னுர்றாங்க சார். கோயில் தெருக்காரங்க வந்த அன்னைக்கு ஜெசிந்தா உள்ள காபி போட்டுக்கிட்டிருந்தா. தட்டுல அஞ்சு டம்ளரோட வாசப்படிக்கு வந்தா. அவங்க எந்திரிச்சு நிக்கிறதப் பாத்தா. என்னப் பாத்தா. அப்படியே உள்ள போயிட்டா. யாரும் குடிக்காத டம்ளரக் கழுவிக் கவுத்து வச்சா, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

நான் என்ன சொல்லிட்டேன்னு நெனைக்கிறீங்க? இட்டுக்கட்டியா சொன்னேன்? காதச் சொன்னேன். கோவத்தச் சொன்னேன். சின்ன வயசுல வலிப்பு வரும்னு சொன்னேன். நல்லாப் பாத்துக்கணும்னுதானே சொல்றோம். நாளைக்கு அவங்க வீட்டுல போயி எம்பொண்ணு கஷ்டப்பட்டா, முன்னாடியே ஏன் சொல்லலைன்னு...

உங்ககிட்டயும் சொல்லிட்டேனா.

சார். என்ன சார் எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சா? இன்னும் நாலு இருபதுதானே ஆவுது. புஸ்தகம் கெடக்கட்டும், அங்கயே வைங்க.

என்ன கேட்டீங்க?

கடைசியா எப்ப வந்துச்சா?

வலிப்பா? அது... அவளுக்கு ஒன்பது வயசு. குருத்தோல ஞாயிறு. நான் லீவுல வந்திருந்தேன், கோயில்ல எம்மடியிலதான் விழுந்தா, கையில ஓலையப் புடிச்சபடிக்கு. விரலப் பிரிச்சு எடுக்க முடியல. அதுக்கப்புறம் நான் கப்பலுக்குப் போயிட்டேன். ஒவ்வொரு துறைமுகத்துலேர்ந்தும் செலினுக்கு எழுதிக் கேப்பேன், திரும்ப வந்துச்சான்னு. இல்லன்னு எழுதுவா. அடுத்த கடுதாசியிலயும் இல்லன்னு எழுதுவா. சாகுற வரைக்கும் அவ இல்லன்னுதான் எழுதுனா. அதுக்கப்புறம் நான் கேக்குறத விட்டுட்டேன்.

வரல சார். அதோட வரல. இப்ப அவளுக்கு முப்பத்து மூணு. இருபத்து நாலு வருஷம். மாத்திர கூட பன்னெண்டு வயசுல நிறுத்தியாச்சு. டாக்டரே நிறுத்துனாரு.

இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்க யாரும் கேக்கல. வலிப்பு வரும்னு சொன்னேன். நின்னுபோச்சுன்னு சொல்லல. எப்படி விட்டேன்? எங்கண்ணு முன்னாடி வளந்த பிள்ள. நான் வேணும்னு விடல சார், சத்தியமா. குறையச் சொன்னா என் வேல முடிஞ்சதுன்னு... அவ அன்னைக்கே கேட்டாளே. கிரீஸு சட்டையோட நின்னுக்கிட்டு. முழுசாச் சொல்லுங்கன்னு. நான் கப்பலச் சொல்றான்னுல்ல நெனச்சேன்.

அந்தக் கோவமும் அப்படித்தான் சார். ஊர்ல வேற யார்கிட்டயும் அவ பேசாம இருந்தது கிடையாது. எங்கிட்ட மட்டும்தான். லேப்ல அவகிட்டதான் பிள்ளைங்க அழாம ரத்தம் குடுக்கும்னு சொல்லுவாங்க. அதையும் நான் சொல்லல. ஏன் சொல்லணும், நல்லத யாராவது எழுதி வைப்பாங்களா?

இருங்க. ஒரு நிமிஷம். எங்கிட்ட செவப்புப் பேனா இல்ல. வாயாலச் சொல்றேன், நீங்க வாத்தியாரு, நீங்க கேட்டுக்கோங்க. ஜெசிந்தா, வலிப்பு, ஒன்பது வயசு. சரியாயிருச்சு. எதிர்ல கையெழுத்து, இன்னாசி, தகப்பன். அதிகாரம் இருக்கான்னு யாராவது கேட்டா இருக்குன்னு சொல்லுங்க.

வெளிக் கேட்டு சத்தம். அவதான். கேட்டுக் கொக்கி சரியில்ல, தூக்கித் திறக்கணும், அவளுக்குத்தான் அது தெரியும்.

சார், பொண்ண எடுக்கிறதும் எடுக்காததும் உங்க இஷ்டம், நான் அதக் கேக்கல. உக்காந்துருங்க. நீங்க நிக்கிறதப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். காபி கொண்டு வருவா. அந்த ஒரு டம்ளரக் குடிக்கிற வரைக்குமாவது உக்காருங்க சார்.